தோழர்கள் ஓடும் சாலை

நேட்டால் மலைச்சாலையில் நூறாண்டு கடந்த ஓட்டமும், கரிசல் காடு அதனிடம் கேட்டு வாங்க வேண்டிய பாடமும்

மார்கழி பிறந்ததும் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் சாலையில் ராத்திரியெல்லாம் ஆள் நடமாட்டம் இருக்கும். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, சிலருக்குக் காவடி. சாத்தூர், சிவகாசி பக்கமிருந்து கிளம்பியவர்கள் கோவில்பட்டியில் வந்து கலந்துகொள்வார்கள். போகிற இடம் திருச்செந்தூர். கோவில்பட்டியிலிருந்து கணக்குப் போட்டாலே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள், மானாவாரிச் சம்சாரிகள், கல்லூரிப் பையன்கள், அறுபது தாண்டிய ஆச்சிகள் என்று எல்லாரும் இந்தத் தூரத்தை நடந்து முடிக்கிறார்கள். வழியெங்கும் ஊர்க்காரர்கள் மோரும் கஞ்சியும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கிட்டத்தட்ட இதே தூரத்தை ஒரே பகலில் ஓடிக் கடக்கும் சாலை ஒன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. டர்பன் துறைமுகத்துக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்துக்கும் நடுவே குன்றும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கிற ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 1921 முதல் அங்கே நடந்துவரும் காம்ரேட்ஸ் மாரத்தான், உலகின் மிகப் பழமையான, மிகப் பெரிய அல்ட்ரா மாரத்தான் என்று பெயர் பெற்றது. மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர், அதற்கு மேல் ஓடினால் அல்ட்ரா. 2025 ஜூனில் நடந்தது 98-வது ஓட்டம். தடங்கல் ஏதும் வராவிட்டால் 2027-ல் நூறாவது.

இந்த ஓட்டத்தின் கதையைக் கரிசல் காட்டில் உட்கார்ந்து சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. அந்த மண்ணில் தமிழர்களின் உழைப்பு ஊறிக் கிடக்கிறது என்பது ஒன்று. ஒரு சாலையில் யார் யார் சேர்ந்து ஓடலாம், பின்தங்கி வருபவருக்கு என்ன மரியாதை என்ற கேள்விகளுக்கு அந்த ஓட்டம் தவறு செய்து, திருந்தி, ஒரு பதிலைக் கண்டடைந்திருக்கிறது என்பது இன்னொன்று. அந்தப் பதில் நமக்கு வேண்டும்.

ரயில் டிரைவர் வாங்கிய ஒரு பவுன்

மணியாச்சி ஒரு ஜங்ஷன் ஊர். தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் பாதை பிரிகிற இடம். ரயில் டிரைவரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். காம்ரேட்ஸ் ஓட்டத்தைத் தொடங்கிய விக் கிளாப்ஹமும் ரயில் எஞ்சின் டிரைவர்தான். லண்டனில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் குடியேறி, நேட்டாலில் வேலை பார்த்தவர். முதல் உலகப் போரில் காலாட்படைச் சிப்பாயாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். லெட்டோ ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதியின் படையைத் துரத்திக்கொண்டு காட்டிலும் பொட்டலிலும் அவருடைய படைப்பிரிவு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நடந்தது. குண்டுபட்டுச் செத்தவர்களைப் போலவே காய்ச்சலாலும் பசியாலும் செத்தவர்களும் அந்தப் போரில் ஏராளம்.

போர் முடிந்ததும் ஊருக்கு ஊர் நினைவுத் தூண்கள் எழுந்தன. கிளாப்ஹமின் மனதில் வேறொன்று இருந்தது. சிப்பாய்கள் எதை உடம்பால் தாங்கினார்களோ, அதை உடம்பாலேயே ஆண்டுதோறும் நினைவுகூர வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரைக்கும் ஓட வேண்டும். போரிலிருந்து திரும்பியவர்களுக்காக இருந்த ‘மாபெரும் போரின் தோழர்கள் சங்கம்’ இந்த யோசனையை 1918-ல் நிராகரித்தது. மனிதனால் ஆகாத காரியம் என்பது அவர்கள் எண்ணம். கடையிலும் ஆபீஸிலும் உட்கார்ந்திருந்தவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் ஆயிரக்கணக்கான மைல் நடக்க வைத்த போரை நேரில் பார்த்தவர் அந்த டிரைவர். அவர் விடவில்லை. 1921-ல் சங்கம் இறங்கி வந்தது. செலவுக்கு ஒரு பவுன் கொடுத்தது. அதையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

1921 மே 24. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர மண்டபத்தின் முன்னால் 34 பேர் நின்றார்கள். தார் காணாத மண் சாலை, புழுதி, கல், அடுத்தடுத்து மலையேற்றம். டர்பன் வந்து சேர்ந்தவர்கள் 16 பேர். முதலில் வந்த பில் ரோவன் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 59 நிமிடம். மறு ஆண்டு டர்பனில் தொடங்கி மேலே ஏறினார்கள். அதிலிருந்து பெரும்பாலும் ஓராண்டு ஏற்றம், ஓராண்டு இறக்கம். கவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இஞ்சங்கா, பாலி ஷார்ட்ஸ் என்ற ஐந்து மலைகளையும் ஓடியவர்கள் பெயர் சொல்லியே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஏற்ற ஆண்டில் கடைசி மலையான பாலி ஷார்ட்ஸ் வரும்போது கால் ஏற்கெனவே எண்பது கிலோமீட்டர் பார்த்திருக்கும். பாதையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல்.

ஒரு பருத்தி விவசாயியின் கோபம்

1922-ல் வென்றவர் ஆர்தர் நியூட்டன். வயது 39. புகையிலையும் பருத்தியும் போட்ட விவசாயி. ஓட்டப் பழக்கம் பெரிதாக இல்லாதவர். அவருடைய நிலம் இருந்த பகுதியைக் கறுப்பின மக்களின் குடியிருப்புக்கு அரசு ஒதுக்கியது. இழப்பீடு கேட்டு அவர் போட்ட மனுக்கள் எடுபடவில்லை. பத்திரிகையில் பெயர் வந்தால் தன் வழக்கை நாடு கேட்கும் என்று நினைத்து ஓடத் தொடங்கினார். 1922 ஜனவரி முதல் தேதி பயிற்சி ஆரம்பம். மே மாதம் வெற்றி. அதன்பின் 1923, 1924, 1925, 1927 என்று மொத்தம் ஐந்து முறை வென்றார்.

அவருடைய வழக்கில் இன்றைய நியாயம் எந்தப் பக்கம் என்பது வேறு விசாரணை. கறுப்பின மக்களிடமிருந்து பறித்த நாட்டில், அவர்களுக்குக் கொஞ்சம் திரும்பியதற்காக ஒரு வெள்ளை விவசாயி கோபப்பட்டார் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் ஓட்டக் கலைக்கு அவர் விட்டுப்போனது பெரிய சொத்து. வேகமாக ஓடிப் பழகுவதுதான் பயிற்சி என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த நாளில், மெதுவாக, அதிக தூரம், அன்றாடம் ஓடு என்றார் நியூட்டன். நாற்பது வயதில் தொடங்கினாலும் காலம் போய்விடவில்லை என்று தன் உடம்பையே வைத்துக் காட்டினார். இன்று உலகமெங்கும் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் வாரந்தோறும் ஓடுகிற நீண்ட, நிதானமான ஓட்டத்தின் பாட்டன் இந்தப் பருத்திக்காரர்.

அந்த மலைகளில் நம்மவர்கள்

காம்ரேட்ஸ் தொடங்குவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே டர்பனில் தமிழ்க் குரல் கேட்டுவிட்டது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகள். 1911 வரைக்கும் இப்படி நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். கரும்பு வெட்டினார்கள், நிலக்கரி தோண்டினார்கள், ரயில் பாதையில் வேலை செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறி போட்டுக் கூடை சுமந்து விற்றார்கள். மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில் கட்டினார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சிவ சுப்பிரமணியர், மாரியம்மன் கோயிலில் இன்றைக்கும் பூக்குழி இறங்குகிறார்கள்.

இந்த மக்கள் நேட்டால் சாலைகளில் நடந்த ஒரு நடை உண்டு. ஒப்பந்தம் முடிந்த பின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் போடாமலும் அங்கேயே தங்குகிறவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் ஒரு சட்டம் வந்தது. கூலிக்காரர்களால் கட்ட முடியாத தொகை. 1913-ல் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலை நிறுத்தத்துக்குத் திரட்டினார்கள். நியூகாசிலிலிருந்து எல்லை ஊரான சார்ல்ஸ்டவுன் 36 மைல். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நாளுக்கு ஒருவருக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. 1913 நவம்பர் 6 காலை 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டினார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்தியர் அந்த எல்லையைத் தாண்டுவது குற்றம். தாண்டினார்கள், கைதானார்கள். மறு ஆண்டு அந்த வரி ஒழிந்தது. அதே போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு திரும்பி, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நமக்குத் தெரியும். எல்லையை நோக்கி நடந்த ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. பதக்கம் தராத அந்த நடையை நெடுந்தூரச் சாலை வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உடம்பின் தாங்கு சக்தியை நியாயத்துக்காகச் செலவழித்தவர்கள் அவர்கள்.

எண் அட்டை கிடைக்காதவர்கள்

அப்படி நடந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் அரை நூற்றாண்டு இடம் கிடைக்கவில்லை. வெள்ளை ஆண்கள் மட்டுமே ஓடலாம் என்பது விதி. போரில் சேர்ந்து துன்பப்பட்டவர்களின் தோழமைக்காக நடந்த ஓட்டம், அந்தப் போரில் சுமை தூக்கிச் செத்த கறுப்பினத்தவரின் பிள்ளைகளை வெளியே நிறுத்தியது.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1923-ல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் பதிவு கேட்டார், மறுத்தார்கள். எண் அட்டை இல்லாமலே ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் கிடையாது. பார்த்துக்கொண்டிருந்தவர்களும் கூட ஓடியவர்களும் காசு சேர்த்து அவருக்கு ஒரு வெள்ளித் தேநீர்ச் செட்டும் ஒரு கிண்ணமும் பரிசு தந்தார்கள். 1935-ல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பின இளைஞர் அதே போல எண் இல்லாமல் ஓடி 9 மணி 30 நிமிடத்தில் முடித்தார். பதிவேட்டில் அவர் பெயர் ஏறவில்லை.

கதவு திறந்தது 1975-ல், ஐம்பதாவது ஓட்டத்தில். பெண்களுக்கும் எல்லா இனத்தாருக்கும் அந்த ஆண்டு எண் அட்டை கொடுத்தார்கள். வின்சென்ட் ரகபெலே இருபதாவதாக வந்து, அதிகாரபூர்வமாகப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பின ஓட்டக்காரர் ஆனார். கதவு திறந்தாலும் நாடு மாறவில்லை. 1981-ல் இனவெறி அரசு தன் குடியரசின் இருபதாம் ஆண்டைக் கொண்டாடியபோது, காம்ரேட்ஸ் ஓட்டத்தையும் அந்தக் கொண்டாட்டத்தில் சேர்த்தது. புரூஸ் ஃபோர்டைஸ் என்ற வெள்ளை இளைஞர் எதிர்ப்பாகக் கையில் கறுப்புப் பட்டை கட்டி ஓடினார். கூட்டத்தில் சிலர் தக்காளி வீசினார்கள். அன்று முதலில் வந்தவர் அவர்தான். மொத்தம் ஒன்பது முறை வென்ற அவர் சாதனையை யாரும் தொடவில்லை. 1989-ல் சாம் ட்ஷபலாலா முதல் கறுப்பின வெற்றியாளர் ஆனார். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வர அப்போது இன்னும் சில மாதங்கள் இருந்தன.

ம்ட்ஷாலிக்கு மரியாதை வந்து சேர 84 ஆண்டு ஆனது. 2019 முதல் ஒன்பது மணி நேரத்துக்கும் பத்து மணி நேரத்துக்கும் இடையில் முடிப்பவர்கள் கழுத்தில் விழுவது அவர் பெயர் தாங்கிய பதக்கம். பதிவேட்டில் இடம் மறுக்கப்பட்டவரின் பெயரை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வரலாற்றில் செய்த அநியாயத்தை முழுக்க அழிக்க முடியாது. அதை ஒப்புக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் திரும்பச் சொல்ல முடியும். காம்ரேட்ஸ் அதைச் செய்கிறது.

பன்னிரண்டாவது மணி

காம்ரேட்ஸ் நாளில் தொலைக்காட்சி பார்க்கும் தென்னாப்பிரிக்கர்கள் வெற்றியாளர் வந்ததும் எழுந்து போய்விடுவதில்லை. சிறந்த ஆண்கள் ஐந்தரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். இறக்கப் பாதையில் டெட்டே டிஜானா 2023-ல் ஓடிய 5 மணி 13 நிமிடம் 58 விநாடி சாதனையாக நிற்கிறது. பெண்களில் கெர்டா ஸ்டெய்ன் ஏற்றம், இறக்கம் இரண்டிலும் ஆறு மணி நேரத்துக்குள் வந்திருக்கிறார். ஆனால் நாடே நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்பது பன்னிரண்டாவது மணியை. அந்த மணி முடிகிற நொடியில், எல்லைக் கோட்டில் ஓடுபவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர் துப்பாக்கியை வெடிக்கிறார். யார் வருகிறார்கள் என்று பார்த்தால் மனசு இரங்கிவிடும், அதனால்தான் முதுகு. வெடித்த பிறகு ஒரு அடி தள்ளி வந்தாலும் பதக்கம் இல்லை. அந்தக் கடைசி நிமிடங்களில், விழுந்தவரை இருவர் தோள் கொடுத்துத் தூக்கி வருவதை ஆண்டுதோறும் பார்க்கலாம்.

பின்தங்கி வருபவர்களுக்காக அங்கே ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் பெயர் ‘பஸ்’. அனுபவசாலி ஒருவர் கொடி பிடித்து முன்னால் ஓடுவார், அவர் ‘டிரைவர்’. இத்தனை மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று சொல்லி, எங்கே ஓட வேண்டும், எந்த மேட்டில் நடக்க வேண்டும், எப்போது பாட வேண்டும் என்று வழிநடத்துவார். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் அவர் பின்னால் சேர்ந்து ஓடி முடிப்பார்கள்.

1930 முதல் 1954 வரை ஐந்து முறை வென்ற வாலி ஹேவர்ட், 1988-ல் தன் 79-வது வயதில் திரும்ப வந்து 9 மணி 44 நிமிடத்தில் முடித்தார். மறு ஆண்டு 80 வயதில் மறுபடியும் ஓடினார். அப்போது கால வரம்பு 11 மணி நேரம். வரம்புக்கு ஒரு நிமிடம் 57 விநாடி மிச்சமிருக்கக் கோட்டைத் தொட்டார். இருபத்தோரு வயதில் முதலில் வந்ததையும் எண்பதில் கடைசிப் பேரோடு வந்ததையும் அந்த மக்கள் ஒரே மரியாதையோடு பேசுகிறார்கள்.

பதக்கங்களின் பெயர்கள்

*தங்கம்: முதல் பத்து ஆண்கள், முதல் பத்துப் பெண்கள்.*

*வாலி ஹேவர்ட் பதக்கம்: ஆறு மணி நேரத்துக்குள் முடிக்கும் ஆண்கள், தங்கம் வாங்கியவர்கள் போக.*

*இசவெல் ரோச்-கெல்லி பதக்கம்: ஏழரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பெண்கள். அந்த வரம்பை முதலில் உடைத்தவர் பெயரில்.*

*பில் ரோவன் பதக்கம்: ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். 1921-ன் முதல் வெற்றியாளரை நேரத்தில் தோற்கடித்தவர்களுக்கு.*

*ராபர்ட் ம்ட்ஷாலி பதக்கம்: ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில்.*

*வெண்கலம்: பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில்.*

*விக் கிளாப்ஹம் பதக்கம்: கடைசி ஒரு மணி நேரத்தில் வருபவர்களுக்கு. தாமிரத்தில் ஆனது.*

ஓட்டத்தைத் தொடங்கியவரின் பெயரைக் கடைசி மணியில் வருபவர்களுக்குக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். நூறாண்டில் காம்ரேட்ஸ் கற்றுக்கொண்டதன் சாரம் இந்த ஒரு முடிவில் இருக்கிறது.

தண்ணீர் மட்டும் போதாது

நெடுந்தூர ஓட்டத்தில் உயிர் போகிற ஆபத்து உண்டு. தண்ணீர் குறைந்தால்தான் ஆபத்து என்று நீண்ட காலம் நம்பினார்கள். தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் அவர் கூட்டாளிகளும் 1985-ல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. மணிக்கணக்கில் ஓடுகிறவர் தேவைக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். தலை கிறுகிறுக்கும், வாந்தி வரும், மூளை வீங்கும், நினைவு தப்பும். காம்ரேட்ஸ் ஓடியவர்களிடமும் இது கண்டறியப்பட்டது. தாகம் எடுத்தால் குடி, அளவாகக் குடி என்பதுதான் இன்றைய அறிவுரை. அங்கே வழிநெடுக உள்ள மேசைகளில் தண்ணீர்ப் பொட்டலங்களோடு உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, வாழைப்பழம் வைத்திருக்கிறார்கள்.

நம் சம்சாரிகள் உச்சி வெயிலில் களையெடுக்கப் போகும்போது தூக்குச்சட்டியில் கொண்டுபோவது என்ன? கம்மங்கஞ்சி, உப்புப் போட்ட மோர், தொட்டுக்கொள்ள வெங்காயமும் மிளகாயும். மாவுச்சத்து, உப்பு, தண்ணீர் மூன்றும் ஒரே சட்டியில். அதோடு கோவில்பட்டிக் கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த அந்தத் துண்டு நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு வேண்டிய சக்தியைக் கையடக்கமாகத் தருகிறது. பெரிய விலை கொடுத்து வாங்கும் ஜெல் பாக்கெட்டுகளுக்கு நம் கடைத்தெருவில் பதில் இருக்கிறது.

ஓடத் தெரிந்த கிராமத்தார்

கிராமத்து உடம்பு என்ன செய்யும் என்பதற்கு உலகம் ஒரு முறை நேரடி சாட்சி பார்த்தது. 1983-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து மெல்பர்ன் வரை 875 கிலோமீட்டர் ஓட்டம் அறிவித்தார்கள். பேர்பெற்ற வீரர்களோடு கிளிஃப் யங் என்ற 61 வயது உருளைக்கிழங்கு விவசாயியும் வந்து நின்றார். சின்ன வயதில் பண்ணையில் ரப்பர் பூட்ஸோடு நாள்கணக்கில் ஆட்டு மந்தையை விரட்டிப் பழகியவர். காலைத் தரையில் இழுத்து இழுத்து ஓடினார். மற்றவர்கள் தூங்கிய நேரத்திலும் போய்க்கொண்டே இருந்தார். 5 நாள் 15 மணி 4 நிமிடத்தில் முதலில் வந்தார். பரிசுப் பணம் 10,000 டாலரைக் கூட ஓடியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

இந்தியாவில் அல்ட்ரா ஓட்டங்கள் வேர்பிடித்தது 2007-ல் பெங்களூர் அல்ட்ரா தொடங்கிய பிறகு. 2010-ல் லடாக்கில் லா அல்ட்ரா வந்தது. முதல் ஆண்டு ஓடிய மூவரில் முடித்தவர் ஒருவர். 2019-ல் சூஃபியா கான் என்ற பெண் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு 87 நாளில் ஓடி முடித்தார். காம்ரேட்ஸ் ஓட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து போகிறவர்களிலும் அண்மை ஆண்டுகளில் இந்தியர்களின் எண்ணிக்கை பெரிது. ஆனால் போகிறவர்கள் பெரும்பாலும் நகரத்தார். விமானச் செலவும் ஷூ விலையும் தாங்கக் கூடியவர்கள். நெடுந்தூரத்தை வயிற்றுப்பாட்டுக்காகவும் வேண்டுதலுக்காகவும் நடந்து பழகிய நம் கிராமத்தார் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த இடைவெளியை நாம் நிரப்ப முடியும்.

கரிசலுக்கு ஒரு நெடுஓட்டம்

ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை எட்டாத இந்த மானாவாரி மண்ணுக்குச் சாலையில் பந்தயம் நடத்தத் தெரியும். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும்போது, விடியற்காலையில் மைல்கணக்கில் சாலையின் இரு ஓரமும் ஜனம் நிற்கிறது. ஒரு விளையாட்டை ஊரே தூக்கி வளர்க்கவும் தெரியும். கோவில்பட்டி ஹாக்கியை அப்படித்தான் வளர்த்தது. அகில இந்தியப் போட்டிகளை நடத்தி, மாரீஸ்வரன் போன்றவர்களை இந்திய அணிக்கு அனுப்பியது.

பாதையும் இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட வாஞ்சி மணியாச்சி ரயில் நிலையத்தில் தொடங்கலாம். வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம், கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி, பாரதி பிறந்த எட்டயபுரம், அங்கிருந்து கோவில்பட்டி, போளிக்குப் பேர்போன கடம்பூர், மறுபடியும் மணியாச்சி. சுற்றி வந்தால் தொண்ணூறு, நூறு கிலோமீட்டர் வரும். இவ்வளவு வரலாற்றை ஒரே நாளில் காலால் தொடக் கூடிய பாதை தமிழ்நாட்டில் வேறெங்கே இருக்கிறது?

நடத்துவது எப்படி என்பதைக் காம்ரேட்ஸ் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பருவமழை ஓய்ந்த மார்கழிக் கடைசி அல்லது தை மாதம் ஏற்றது. விடியற்காலம் மூன்று மணிக்குத் தொடங்கினால் உச்சி வெயிலுக்கு முன் பாதிக்கு மேல் கடந்துவிடலாம். நான்குவழிச் சாலை வேண்டாம். பாதயாத்திரை போகிறவர்கள் மீது வண்டி மோதிய செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கிராமச் சாலைகளே சரி. கரிசலில் போட்ட சாலை மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும், ஓரம் சரியும். ஓட்டத்துக்கு முன் அதைச் செப்பனிட்டால் அந்த ஊர்களுக்கும் நல்ல சாலை கிடைக்கும். இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மேசை போட்டு அதை அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுக்கலாம். மோர், கஞ்சி, கடலை மிட்டாய். வேலைக்குக் கூலியும் தர வேண்டும்.

கால வரம்பு தாராளமாக, ஆனால் உறுதியாக இருக்க வேண்டும். நடந்தே வருகிறவரும் ஓரளவு முயன்றால் முடிக்கலாம் என்ற வரம்பு. முடிக்கிற ஒவ்வொருவருக்கும் பதக்கம். முதல் மூன்று பேருக்கு மட்டும் பெருந்தொகை கொடுத்து மற்றவர்களைக் கைதட்ட வைக்கும் பழக்கம் நமக்கு வேண்டாம். தீப்பெட்டி ஆபீஸுக்கும் காட்டு வேலைக்கும் போகும் பெண்கள் தயங்காமல் வருவதற்கு, அவர்களுக்கு அன்றைய கூலியும், பாதுகாப்பும், வழியில் சுத்தமான கழிப்பறையும் முதல் தேவை. இவை இல்லாமல் ‘பெண்களும் கலந்துகொள்ளலாம்’ என்று நோட்டீஸில் போட்டுப் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை ஒன்று. ஓட்டம் ஒவ்வோர் ஊரிலும் எல்லாத் தெருவையும் தொட்டுப் போக வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போ, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போ என்று சொன்ன தெருக்கள் நம் பக்கத்தில் இருந்தன. சாதிக் கலவரத்தால் பஸ் ஓடாமல் நின்ற நாட்களை 1990-களில் இந்தத் தென் மாவட்டங்கள் கண்டிருக்கின்றன. இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்த ஓட்டத்தில் மார்பில் குத்திய எண் ஒன்றுதான் அடையாளமாக இருக்க வேண்டும். ஊர்த்தெருவுக்காரர் வைத்த மோரைக் காலனிப் பையன் குடிக்க, காலனியில் வைத்த கஞ்சியை ஊர்த்தெருப் பையன் வாங்கிக் குடிக்க, எழுபதாவது கிலோமீட்டரில் கால் மடங்கியவருக்கு யாரென்று பார்க்காமல் இன்னொருவர் தோள் கொடுக்க வேண்டும். காம்ரேட்ஸ் இதைக் கற்றுக்கொள்ள ஐம்பது ஆண்டு எடுத்துக்கொண்டது. அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்ட நாம் முதல் நாளிலேயே கதவைத் திறந்து வைக்கலாம்.

மாவட்ட நிர்வாகமும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும், ஊராட்சிகளும் சேர்ந்து உட்கார்ந்தால் இது நடக்கிற காரியம்தான். பெரிய விளம்பரமோ நட்சத்திர விருந்தினரோ தேவையில்லை. ஒரு ரயில் டிரைவர் மூன்று ஆண்டு விடாமல் கேட்டார், ஒரு பவுன் கிடைத்தது, 34 பேர் வந்தார்கள். மணியாச்சியிலும் முதல் ஆண்டு 34 பேர் வந்தால் போதும். அந்த 34 பேரும் எல்லாத் தெருவிலிருந்தும் வந்தவர்களாக இருக்கட்டும்.